அதிபர் வகுப்பெடுக்கும் பள்ளிக்கூடம்

1829 மார்ச் 20ஆம் நாள் இரவு சந்திர கிரகணம். வட்டுக்கோட்டையில் அதைப் பற்றிய பேச்சு முன்கூட்டியே தொடங்கிவிட்டது. பரம்பரையாகப் பஞ்சாங்கம் கணித்துவந்த விசுவநாத சாஸ்திரியாரின் கணக்கு ஒன்று. வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல்வர் டானியல் பூவரின் கணக்கு வேறொன்று. கிரகணம் தொடங்கும் நேரம், நிலா மறையும் அளவு, விடும் நேரம் ஆகிய மூன்றிலும் இரண்டும் ஒத்துப்போகவில்லை. அன்றிரவு வானத்தைப் பார்த்துத் தீர்த்துக்கொள்வது என்றாயிற்று. பூவரின் கணக்கே சரியாக இருந்தது.

இதை மிசனரிமார் எழுதிவைத்தபடியே நாமும் வாசிக்க வேண்டியதில்லை. உள்ளூர்க் கணிதத்தைத் தோற்கடித்தால் உள்ளூர்ச் சமயமும் ஆட்டம் காணும் என்ற நோக்கம் பூவருக்கு இருந்தது. அந்தச் சமயக் கணக்கை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, ஓர் ஆசிரியர் அன்று என்ன செய்தார் என்று மட்டும் பார்ப்போம். தாம் கற்பித்ததை மாணவரும் ஊரும் சரிபார்க்கும்படி வெளியே வைத்தார். கணக்குப் பிழைத்திருந்தால் ஊரே சிரித்திருக்கும். அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டுதான் கற்பித்தார். கற்பித்தல் பிறர் கண்ணுக்கு முன்னால் நடந்தது என்பதே இதில் எனக்கு முக்கியம்.

அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணம் வந்தது 1816இல், செமினரி தொடங்கியது 1823இல். பூவருக்குப் பின் முதல்வரான ஹொய்சிங்டன், சித்தாந்த முறை வானியலையும் ஐரோப்பிய வானியலையும் அருகருகே வைத்துக் கற்பிக்கும் பாடநூல் ஒன்றை 1848இல் வெளியிட்டார். மாணவர் ஏற்கெனவே என்ன அறிந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டு அங்கிருந்து தொடங்கு என்று இன்றைய கல்வி உளவியல் சொல்வதை அந்தப் புத்தகம் செய்து காட்டியது. பின்னர் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் இந்தச் செமினரியில் படித்தவர்கள். 1855இல் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி போதகரை உருவாக்கவில்லை, உத்தியோகத்தரையே உருவாக்குகிறது என்பது மிசன் தலைமையின் மனக்குறை. அந்த மனக்குறைக்கு நியாயம் இருந்தது. படிப்பு என்றால் உத்தியோகம் என்ற யாழ்ப்பாணத்துச் சமன்பாடு அப்போதே எழுதப்பட்டுவிட்டது. இன்றுவரை அதை யாரும் அழிக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாறு பெரும்பாலும் கட்டடங்களின் வரலாறாகவும் அதிபர்களின் வரலாறாகவும் எழுதப்பட்டிருக்கிறது. எந்த ஆண்டு எந்தக் கல்லூரி, யார் நிறுவினார், எந்த மண்டபம் எப்போது திறக்கப்பட்டது என்பதெல்லாம் நூற்றாண்டு மலர்களில் கிடைக்கும். வகுப்பறைக்குள் என்ன நடந்தது என்பதுதான் கிடைக்காது. கிடைக்கும் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது: இங்கே கற்பித்தல் உயர்ந்த காலங்களில் ஆசிரியர்கள் தனித்தனியே இயங்கவில்லை, தலைமை தாங்கியவர்களும் வகுப்பறையை விட்டு விலகவில்லை. இரண்டும் சேர்ந்தே வந்தன, போனபோது சேர்ந்தே போயின.

ஆறுமுக நாவலரை எடுத்துக்கொள்ளுங்கள். பீற்றர் பேர்சிவலின் வெஸ்லியன் பாடசாலையில் படித்து அங்கேயே ஆசிரியராக இருந்தவர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். தொடங்கியதும் முதலில் இடித்தது புத்தகம். பிள்ளைகள் கையில் கொடுக்கத் தகுந்த உரைநடைப் பாடம் தமிழில் இல்லை. நிகண்டையும் சதகத்தையும் மனனம் செய்வதே அன்றைய தொடக்கக் கல்வி. 1849இல் சென்னை சென்று அச்சு இயந்திரம் வாங்கி வந்தார். பாலபாடங்களைத் தரம் தரமாக எழுதி அச்சிட்டார். எளிய சொல், குறுகிய வாக்கியம், தேவையான இடத்தில் சந்தி பிரிப்பு, நிறுத்தக்குறி என்று படிப்படியாக உயரும் அமைப்பு அவற்றில் இருந்தது. அவரைச் சமயத் தலைவராகவும் உரைநடையின் தந்தையாகவும் கொண்டாடும் நாம், வகுப்பறைத் தேவையிலிருந்து பாடநூல் எழுதிய ஆசிரியர் என்ற கோணத்தில் பார்ப்பது குறைவு. இன்று பாடநூலைக் கொழும்பில் எழுதுகிறார்கள், ஆசிரியர் அதை விநியோகிக்கிறார். நாவலர் காலத்தில் ஆசிரியரே நூலாசிரியரும் அச்சகத்தாரும்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சாதி யாழ்ப்பாணத்துக் கல்வியின் மறுபக்கம். மானியம் பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் இருக்க வேண்டும் என்ற விதி 1929, 1930 அளவில் நடைமுறைக்கு வந்தபோது குடாநாட்டில் எழுந்த எதிர்ப்பில் பள்ளிக்கூடங்களே எரிந்தன. அதற்கும் முன்பே, வடமராட்சியில் சூரன் 1914இல் தேவரையாளிப் பாடசாலையை நிறுவினார். ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளை வேறு பள்ளிகள் சேர்க்காதபோது தாமே கற்று, தாமே கற்பித்து, ஆசிரியர் பரம்பரை ஒன்றை உண்டாக்கியவர் அவர். அதிபர் பதவி கிடைத்ததால் தலைவரானவர் இல்லை. கற்பித்துக் கற்பித்துத்தான் தலைவரானார். உடுவில் மகளிர் பாடசாலையில் 1840 முதல் 1879 வரை இருந்த எலைசா அக்னியூவின் கதையும் இப்படித்தான். ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஒரே பள்ளியில் தாயையும் மகளையும் பேத்தியையும் கற்பித்தவர். அவரிடம் படித்தவர்களிலிருந்து பெண் ஆசிரியர்கள் உருவானார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஆசிரியர் பயிற்சி நிலைத்துவிட்டது. கோப்பாயிலும் நல்லூரிலும் திருநெல்வேலியிலும் கலாசாலைகள் எழுந்தன, பலாலி பின்னால் வந்தது. திருநெல்வேலி சைவாசிரிய கலாசாலையில் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை நெடுங்காலம் விரிவுரையாளராக இருந்தார். அன்றைய கலாசாலைகளில் ஒரு பழக்கம் இருந்தது. பயிற்சி ஆசிரியர் ஒருவர் பாடம் எடுப்பார். சக மாணவரும் விரிவுரையாளரும் பின்னால் அமர்ந்து குறிப்பெடுப்பார்கள். பாடம் முடிந்ததும் வரிவரியாக அலசல் நடக்கும். கூச்சம் தரும் காரியம்தான், ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்தில் கற்றதை மூன்று மாத விரிவுரையில் கற்க முடியாது. கலாசாலையை விட்டு வெளியேறி நியமனக் கடிதம் கையில் வந்த நாளோடு அந்தப் பழக்கம் முடிந்துவிடும். அதன்பின் ஓய்வு பெறும்வரை அந்த ஆசிரியரின் பாடத்தை மேற்பார்வைக்கு வரும் அதிகாரி தவிர வேறு யாரும் பார்ப்பதில்லை.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் 1935இல் வெளிவந்த 'பிள்ளைப்பாட்டு' என்ற தொகுப்பு. கல்வி அதிகாரியாக இருந்த க. ச. அருணந்தி, சிறு வகுப்புப் பிள்ளைகள் பாடத் தகுந்த பாட்டுகள் இல்லை என்று கண்டார். வெளியூர் நிபுணரை அழைக்கவில்லை. போட்டி வைத்து ஊரிலிருந்தே எழுதுவிக்கும் முயற்சிக்குத் துணைநின்றார். வடஇலங்கைத் தமிழாசிரியர் சங்கம் அதை நூலாக்கியது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் போன்ற ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குப் பாட்டெழுதிக்கொண்டிருந்த காலம் அது. புலவர் வட்டுக்கோட்டையில் பல்லாண்டு ஆசிரியர் வேலை பார்த்தவர். ஆடிப்பிறப்புக் கூழும் கத்தரித் தோட்டத்து வெருளியும் பாட்டாக வந்தது வகுப்பறை வெப்பத்தில் பழுத்த கைகளால்தான். ஓர் அதிகாரி குறையைக் கண்டார், ஆசிரியர் கூட்டம் ஒன்று அதை நிறைவு செய்தது, விளைவு அச்சில் வந்து மற்ற ஆசிரியர்களுக்குப் போயிற்று. இதைவிடச் சிறந்த வாண்மை விருத்தித் திட்டம் ஒன்றை இன்றுவரை எந்தச் சுற்றறிக்கையும் தரவில்லை.

அதிபர்களைப் பற்றியும் கொஞ்சம். ஹண்டி பேரின்பநாயகம் 1924இல் தோன்றி, பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற இயக்கத்தின் உயிராக இருந்தவர். 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்ததும் அந்த இயக்கம்தான். அவருடைய தொழில் ஆசிரியத் தொழில். யாழ்ப்பாணக் கல்லூரியில் கற்பித்துவிட்டுக் கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபரானார். தாய்மொழிக் கல்விக்கும் சம ஆசனத்துக்கும் அவர் குரல்கொடுத்தபோது அது மேடைப் பேச்சாக நிற்கவில்லை, அவர் நடத்திய பள்ளியின் கேள்வியாக இருந்தது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியைப் பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் நிறுவினார். அவர் மகன் ஜெயரத்தினம் 1945 முதல் 1970 வரை அங்கே அதிபர். ஒரே பள்ளியில் கால் நூற்றாண்டு இருக்கும் அதிபரை இன்று கற்பனை செய்வதே கடினம்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பாடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தனியார் முகாமையில் இருந்த பள்ளிகளில் ஆசிரியர்கள் மனேஜர்மாரின் தயவில் வாழ்ந்தார்கள். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வியும் 1960, 61இல் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்றதும் அந்தத் தயவிலிருந்து ஆசிரியரை விடுவித்தன. சம்பளம் உறுதியானது, ஏழைப் பிள்ளைக்கு வாசல் திறந்தது. அதோடு வேறொன்றும் நடந்தது. அதிபர் அரச உத்தியோகத்தரானார், இடமாற்றத்துக்குரியவரானார், கடிதத்துக்குக் கடிதம் எழுதுபவரானார். பள்ளியின் முதல் ஆசிரியர் என்ற நிலை தேய்ந்து, வலயக் கல்விப் பணிமனையின் கடைசி எழுத்தர் என்ற நிலை வளர்ந்தது. இது எந்த அதிபரின் தவறும் அல்ல. மேசைக்கு வரும் படிவங்களை எண்ணிப் பார்த்தால் விளங்கும்.

1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. யாழ்ப்பாணத்து மாணவருக்கு ஒவ்வொரு புள்ளியும் உயிர்ப் புள்ளியானது. ரியூசன் கொட்டில்கள் பெருகின. நல்ல ஆசிரியர் என்பவர் வினாத்தாளை ஊகிக்கத் தெரிந்தவர் என்றாயிற்று. கொட்டிலில் 200 பிள்ளைகளுக்கு ஒலிவாங்கியில் கற்பிக்கும் ஆசிரியர், பள்ளியில் 35 பிள்ளைகளுக்குக் களைத்த குரலில் கற்பித்தார். ரியூசனைத் திட்டுவது நம் எழுத்தாளரின் பொழுதுபோக்கு என்பதால் இதோடு நிறுத்துகிறேன். கொட்டில் தன் வேலையைச் செய்கிறது. பள்ளி தன் வேலையைச் செய்யாததால்தான் கொட்டிலுக்கு வேலை இருக்கிறது.

போர் வந்தது. தலைமைக்கு அது கேட்ட விலை பெரிது. 1985 ஜூனில் யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரி அதிபர் சி. இ. ஆனந்தராசன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே எழுந்து நடந்தது. லட்சக்கணக்கானவர் தென்மராட்சிக்கும் அப்பாலும் இடம்பெயர்ந்தார்கள். இடம்பெயர்ந்த பள்ளிகள் இருக்கும் பள்ளிகளின் கட்டடத்தில் காலை, மாலை என முறைவைத்து இயங்கின. மரநிழலிலும் கிடுகுக் கொட்டிலிலும் வகுப்புகள் நடந்தன. மதில் இல்லை, வகுப்பறைக் கதவு இல்லை, ஒரு ரீச்சர் கற்பிப்பது அடுத்த ரீச்சருக்குக் கேட்கும். அதிபரும் வெண்கட்டி பிடிக்க வேண்டியிருந்தது. அந்தத் துன்பத்தை யாரும் திரும்பக் கேட்கமாட்டார்கள். அந்த மாதங்களில் ஆசிரியர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்ற விதத்தை மட்டும் யாரேனும் எழுதி வைத்திருக்கலாம்.

போருக்குச் சற்று முன்பே இன்னொரு வழியும் திறந்திருந்தது. ஆசிரியராக இருந்த குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். 2025இல் மறையும்வரை யாழ்ப்பாணத்துக் கல்வி அரங்கின் பெயர் அவருடைய பெயராகவே இருந்தது. பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி விளையாட வைத்து, பேசவைத்து, அதிலிருந்து நாடகத்தை எழுப்பும் முறையை அவரிடம் கற்றவர்கள் குடாநாட்டுப் பள்ளிகள் பலவற்றில் ஆசிரியரானார்கள். நாடகமும் அரங்கியலும் பரீட்சைப் பாடமான பிறகு அந்த முறையே பாடக்குறிப்பாகச் சுருங்கியது என்பது வேறு கதை. உளமருத்துவர் தயா சோமசுந்தரமும் அவருடன் வேலை செய்தவர்களும் போரால் காயம்பட்ட பிள்ளைகளைப் பள்ளியிலேயே அடையாளம் காண ஆசிரியர்களைப் பயிற்றினார்கள். வகுப்பில் பேசாமல் இருக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று தள்ளாமல் ஏன் என்று கேட்கும் பழக்கம் சிலரிடமாவது வந்தது அதனால்தான்.

இப்போது என்ன நிலை? யாழ் மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து கல்வி வலயங்கள். பாடத்துக்குப் பாடம் ஆசிரிய ஆலோசகர்கள், கோப்பாயில் தேசிய கல்வியியற் கல்லூரி, ஆசிரியர் மாநாடுகள், டிப்ளோமாக்கள் எல்லாம் இருக்கின்றன. பயிற்சிக்குப் பஞ்சமில்லை. இருந்தும் சாதாரண தரப் பெறுபேற்றில் வட மாகாணம் ஒன்பது மாகாணங்களில் கடைசி வரிசையில் நின்ற ஆண்டுகள் உண்டு. பெரிய கல்லூரிகளின் ஒன்பது ஏ சித்திகள் பத்திரிகையின் முதற் பக்கத்தில் வரும்போது, பின்தங்கிய ஊர்ப் பாடசாலையில் கணிதத்தில் தவறும் பிள்ளை எந்தப் பக்கத்திலும் வருவதில்லை.

2007 கலைத்திட்டச் சீர்திருத்தத்தில் ஐந்துபடிக் கற்பித்தல் மாதிரி வந்தது. ஈடுபடுத்து, கண்டறியவிடு, விளக்கு, விரிவாக்கு, மதிப்பிடு என்ற அழகான ஒழுங்கு. அமெரிக்க விஞ்ஞானக் கல்வியாளர்கள் 1980களில் வகுத்தது. இங்கே வந்தபோது அது பாடக்குறிப்புக் கொப்பியில் ஐந்து தலைப்பாக மாறியது. கொப்பி சரியாக இருந்தால் மேற்பார்வை அதிகாரி கையொப்பமிடுவார், பாடம் பழையபடி நடக்கும். தமிழ்நாட்டிலும் இப்படி நடந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் நல்ல நோக்கத்தில் பிறந்தது. ஆனால் மேலிருந்து வேகமாக இறக்கிய இடங்களில் ஆசிரியர் அட்டை அடுக்குபவராகிவிட்டார். முறை எவ்வளவு நல்லதானாலும் ஆசிரியர் அதைத் தம் கையால் பிசைந்து பார்க்காதவரை அது கொப்பியிலேயே கிடக்கும்.

பாடசாலை மட்ட ஆசிரியர் விருத்தி என்ற திட்டம் இதைப் புரிந்துகொண்டே உருவானது. பள்ளி தன் குறையைத் தானே கண்டு, தன் ஆசிரியரைக் கொண்டே தீர்க்க வேண்டும் என்பது அதன் கரு. நடைமுறையில் பல இடங்களில் அது ஒரு வளவாளர், ஒரு பவர்பொயின்ட், இடையில் ரோல்ஸும் தேநீரும் என்றாகிவிட்டது. செயலமர்வு முடிந்ததும் கையொப்பப் பட்டியலும் புகைப்படமும் பணிமனைக்குப் போகும். அடுத்த நாள் தரம் 7 வகுப்பில் என்ன மாறியது என்று யாரும் கேட்பதில்லை.

தரம் 7 என்றதும் திசைகொண்ட எண்களை நினைத்துக்கொள்கிறேன். சய மூன்றிலிருந்து சய ஐந்தைக் கழி என்றால் வகுப்பில் கணிசமானோர் சய எட்டு என்று எழுதுவார்கள். இந்தப் பிழை எல்லாப் பள்ளியிலும் ஆண்டுதோறும் வருவது. ஒவ்வொரு கணித ஆசிரியரும் தனித்தனியே அதைச் சந்தித்து, சிவப்பு மையால் வெட்டி, சரியான விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போகிறார். யப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் நூறாண்டுக்கு மேலாக இருக்கும் பாட ஆய்வு என்ற வழக்கம் இதற்கு வேறு வழி காட்டுகிறது. மூன்று நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். பிள்ளை எங்கே பிழைவிடும் என்று முன்கூட்டியே ஊகித்து எழுதுவார்கள். ஒருவர் கற்பிக்க, மற்றவர்கள் பின்னால் நின்று பார்ப்பார்கள். ஆசிரியரைப் பார்ப்பதில்லை, பிள்ளைகளின் கொப்பியைப் பார்ப்பார்கள். யார் பேனையை எடுக்கவில்லை, யார் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதினான், சய எட்டு எங்கிருந்து வந்தது என்று கவனிப்பார்கள். பின் பேசிப் பாடத்தைத் திருத்தி, இன்னொருவர் இன்னொரு வகுப்பில் எடுப்பார். பேச்சின் பொருள் பாடமாகவே இருப்பதால் கற்பித்தவருக்கு அவமானம் இல்லை. 1999இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்டிக்லரும் ஹீபர்ட்டும் எழுதிய நூல் இதை உலகுக்கு அறிமுகம் செய்தது. நமக்கு அது முற்றிலும் புதிது என்று நான் நினைக்கவில்லை. கலாசாலையில் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்த பழக்கத்தைப் பள்ளிக்குள் கொண்டுவந்தால் பாதி வழி வந்தாயிற்று.

இதற்குப் பணம் வேண்டாம், நேரம் வேண்டும். நம் பள்ளிகளில் நெடுங்காலம் நாளுக்கு எட்டுப் பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம் என்றே இருந்தது. நேரசூசி போடுபவர் மனம் வைத்தால் ஒரே பாடம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு வாரத்தில் ஒரு பாடவேளை சேர்ந்தாற்போல ஓய்வாக விழச் செய்யலாம். அந்த ஒரு பாடவேளையில் என்ன செய்வது என்று சுற்றறிக்கை அனுப்பாமல் இருந்தால் மட்டும் போதும்.

கேள்வி கேட்கும் விதமும் இப்படியொரு சிறிய, செலவில்லாத விடயம். 1970களில் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர் கேள்வி கேட்டபின் ஒரு விநாடிகூடக் காத்திராமல் அடுத்த பிள்ளையிடம் போகிறார் அல்லது தாமே விடை சொல்கிறார் என்று கண்டார். மூன்று விநாடி காத்திருந்தால் விடை நீண்டது, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். நம் வகுப்பில் கைதூக்கும் நான்கு பிள்ளைகளோடு பாடம் ஓடிவிடும். மற்ற முப்பது பேரும் அந்த நால்வரின் பார்வையாளர்கள். கேள்வியைக் கேட்டு, எல்லாரையும் கொப்பியின் ஓரத்தில் விடையை எழுதச் சொல்லி, நடந்து பார்த்துவிட்டு, பிழையான ஒரு விடையைப் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதிப் பேசத் தொடங்கினால் பாடத்தின் முகமே மாறும்.

திருத்தும் முறையிலும் கைவைக்கலாம். 1988இல் ரூத் பட்லர் இஸ்ரேலியப் பள்ளிகளில் செய்த ஆய்வு ஒன்று நம் புள்ளி மோகத்துக்கு நேர் மருந்து. குறிப்பு மட்டும் எழுதிக் கொடுத்த பிள்ளைகள் முன்னேறினார்கள். புள்ளி மட்டும் பெற்றவர்கள் முன்னேறவில்லை. குறிப்பும் புள்ளியும் சேர்த்துக் கொடுத்தால் குறிப்பின் பலன் அழிந்துபோனது, ஏனென்றால் பிள்ளை புள்ளியை மட்டும் பார்த்தது. தவணைப் பரீட்சையில் புள்ளியை விடமுடியாது, பெற்றோர் வந்து நிற்பார்கள். வாரத்தில் ஒரு கட்டுரையையாவது புள்ளியின்றி, எதை மாற்றி எழுதவேண்டும் என்ற இரண்டு வரியோடு திருப்பிக் கொடுக்கலாம். புலமைப்பரிசிலுக்காக மனனம் செய்த கட்டுரையைத் தரம் 5 பிள்ளை எழுதுகிறதா, தன் வீட்டு முற்றத்தைப் பார்த்து எழுதுகிறதா என்பது இதில்தான் தெரியவரும்.

இனித் தலைமை. நம் பள்ளிகளில் ஓர் ஆசிரியரின் தலைமைத்துவம் எங்கே கண்டுகொள்ளப்படுகிறது? இல்ல மெய்வல்லுநர்ப் போட்டியைத் தடையின்றி நடத்தினால், பரிசளிப்பு விழாவுக்குப் பந்தல் சரியாகப் போட்டால், பழைய மாணவர் சங்கத்தாரோடு பேசிப் பணம் வாங்கினால் அவர் ஆற்றல் உள்ளவர். புதிதாக வந்த ஆசிரியைக்கு முதற் தவணையைக் கரைசேர்த்துக் கொடுத்த மூத்த ரீச்சரை யாரும் தலைவர் என்று அழைப்பதில்லை. அதிபர் சேவைக்குப் போட்டிப் பரீட்சை எழுதி நிர்வாக விதிகளில் தேறி வருபவர், கற்பித்தலைப் பற்றிப் பேசும் தலைமையை எங்கும் பழகாமலே நாற்காலிக்கு வந்துவிடுகிறார். பின்னர் பழக நேரம் கிடைப்பதில்லை.

நியூசிலாந்துக் கல்வியாளர் விவியன் ரொபின்சனும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்து, அதிபரின் எந்தச் செயல் மாணவர் கற்றலோடு மிக நெருங்கியிருக்கிறது என்று பார்த்தார்கள். ஒழுங்கைக் காப்பதும் வளங்களைச் சேர்ப்பதும் 0.3 அளவில் நின்றன. ஆசிரியர்கள் கற்கும் இடத்தில் அதிபர் தாமும் அமர்ந்து கற்பது 0.84 என்று வந்தது. இப்படிப்பட்ட எண்களை வேதவாக்காக எடுக்கக்கூடாது, அடிப்படையாக இருந்த ஆய்வுகள் சிலவே. திசை மட்டும் தெளிவு. செயலமர்வைத் தொடக்கி வைத்துக் குத்துவிளக்கேற்றிவிட்டு அலுவலகத்துக்குப் போகும் அதிபரால் பலன் குறைவு. மூன்றாம் வரிசையில் கொப்பியோடு இருப்பவரால் பலன் அதிகம். வாரத்தில் இரண்டு மூன்று பாடவேளையாவது ஒரு வகுப்பைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் அதிபரிடம் பாடத்தைப் பற்றிப் பேச ஆசிரியருக்கு மனம் வரும், ஏனென்றால் அவருக்கும் சய எட்டு வந்திருக்கும்.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்தக் கேள்வி அவசரமாகிவிட்டது. சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போக அரச ஊழியருக்கு அனுமதி வந்தது. அந்த ஆண்டு முடிவில் ஓய்வு வயது மீண்டும் 60 ஆனபோது அனுபவசாலிகள் பலர் அரச சேவையிலிருந்து ஒரே நாளில் வெளியேறினார்கள். அவர்கள் தலைக்குள் இருந்த பாடங்கள் எந்தக் கொப்பியிலும் இல்லை. பிள்ளைப்பாட்டைத் தொகுத்தது போல இந்தப் பாடங்களைத் தொகுப்பதுதான் இப்போது செய்ய வேண்டியது. ஓய்வு பெற்ற ஒரு விஞ்ஞான ஆசிரியரிடம் பத்துப் பாடங்களைக் கேட்டு எழுதி, எந்த இடத்தில் பிள்ளை தடுக்கும், அவர் என்ன சொல்லித் தூக்கிவிட்டார் என்பதோடு அச்சிட்டால் அதன் செலவு ஒரு ஸ்மார்ட் போட்டின் விலைக்கு மிகக் குறைவு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய மாணவர் சங்கங்கள் வளைவும் மண்டபமும் கட்டித்தர ஆயத்தமாக இருக்கின்றன. ஆசிரியர் இருவர் இன்னொரு பள்ளிக்குப் போய்ப் பாடம் பார்த்து வரப் போக்குவரத்துச் செலவு தாருங்கள் என்று அவர்களிடம் கேட்ட பள்ளி எனக்குத் தெரிந்து மிகக் குறைவு.

தீவகத்துச் சிறு பள்ளிகளுக்கு வேறு கணக்கு. காலையில் குறிகட்டுவான் துறையில் படகுக்குக் காத்திருக்கும் ஆசிரியருக்குக் கடல் எப்படி இருக்கிறது என்பதே முதற் பாடவேளையைத் தீர்மானிக்கும். நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவுப் பிள்ளைகளில் சிலருக்கு ஓர் ஆசிரியரே இரண்டு மூன்று தரங்களுக்குச் சேர்த்துக் கற்பிக்கிறார். பாட ஆய்வுக்கு அங்கே இரண்டாவது கணித ஆசிரியர் இல்லை. ஆனால் பல்தர வகுப்பில் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் பழைய திண்ணை முறை இயல்பாகவே நடக்கிறது. சென்னை எழும்பூரில் அனாதை இல்லப் பள்ளியை நடத்திய அன்ட்ரூ பெல், மூத்த மாணவரைக் கொண்டு இளையவர்க்குக் கற்பித்து, அதைப் பற்றி எழுதி 1797இல் இங்கிலாந்தில் அச்சிட்டார். பின்னர் அது மெட்ராஸ் முறை எனப் பெயர் பெற்றது. ஐரோப்பா முழுவதும் பரவிய அந்த முறைக்கு வித்து நம் திண்ணைகளில் இருந்தது. தீவுப் பள்ளிகளைப் பின்தங்கியவை என்று பட்டியலிடும் பணிமனை, பல்தரக் கற்பித்தலில் தேறிய தீவு ஆசிரியர் ஒருவரை நகரத்துப் பெரிய கல்லூரிக்கு வளவாளராக ஒருமுறை அழைத்துப் பார்க்கலாம்.

அடுத்த தவணை நேரசூசியைப் பல பள்ளிகளில் பிரதி அதிபரும் ஒரு மூத்த ஆசிரியரும் விடுமுறையில் இருந்து போடுவார்கள். அதை அலுவலகச் சுவரில் ஒட்டுமுன் இரண்டு கட்டங்களை மட்டும் மாற்றும்படி அதிபர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கணித ஆசிரியர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு விழும் ஒரு பாடவேளை. உங்கள் பெயர் எழுதப்பட்ட ஒரு பாடவேளை, தரம் 7இல்.